எட்டு மாதக் குழந்தையுடன் காரையார் குடிலில் தங்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆடி அமாவாசைக்கு உங்கள் புகுந்த வீட்டார் வழக்கம்போலக் காரையாரில், தாமிரபரணிக் கரையில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டு மூன்று இரவு தங்கப் போகிறார்கள். கையில் எட்டு மாத ஆண் குழந்தை. முதல் முடியை அங்கேயே இறக்குவதாக நேர்ச்சை. "எங்க வீட்டுப் பிள்ளைக எல்லாம் அந்த மணலில் தவழ்ந்ததுதான்" என்கிறார் உங்கள் மாமியார். மழையிலும் கொசுவிலும் பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது என்கிறார் உங்கள் அம்மா. யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் குழந்தைகள் பிரிவில் நீண்ட காலம் செவிலியராக இருந்தவள் நான். எங்கள் குடும்பமும் அந்த ஆற்றங்கரையில் குடில் போடுகிற குடும்பம்தான். இரண்டு பக்கத்தையும் அறிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: கூட்டிச் செல்லலாம், ஆனால் மூன்று இரவு வேண்டாம், ஓர் இரவு போதும். அந்த ஓர் இரவில் குழந்தை எந்த இடத்தில், எதன்மேல், யாருக்குப் பக்கத்தில் படுக்கப்போகிறது என்பதை வீட்டிலிருந்து புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். மற்ற ஏற்பாடுகள் முன்பின் ஆனாலும் சமாளித்துக்கொள்ளலாம். படுக்கை சரியில்லை என்றால் எதுவும் சரியாக இருக்காது.

குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பியிருக்காவிட்டால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அந்த வயதில் காலையில் போய், தரிசனம் முடித்து, பொழுது சாயும் முன் இறங்கிவிடுவதே சரி. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது குழந்தை மருத்துவத்தின் பாலபாடம். காட்டுக்குள் நள்ளிரவில் அது நடக்கிற காரியம் இல்லை. எட்டு மாதக் குழந்தையின் உடம்பு அதைவிடத் தாங்கும். ஆனால் அது தவழும், கைக்கு எட்டியதை எல்லாம் வாயில் போடும். மேலும் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை ஒன்பது மாதம் நிரம்பிய பிறகுதான் போடப்படுகிறது. ஆகவே சன்னதி நெரிசலிலும் பூக்குழி பார்க்கும் கூட்டத்திலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள். காய்ச்சலும் சளியுமாக இருக்கும் பிள்ளைகள் பக்கத்துக் குடிலில் இருந்தால், சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளாக இருந்தாலும், சற்றுத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். 1988இல் அமைந்த இது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். திருவிழாக் காலத்தில் வனத்துறை அனுமதிக்கும் நாட்களில், அனுமதிக்கும் இடத்தில் மட்டுமே தங்க முடியும். மற்ற நாட்களில் யாரும் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. முன்பு வாரக்கணக்கில் தங்கியவர்கள் உண்டு. இப்போது சில நாட்கள்தான். எத்தனை நாள், சொந்த வாகனத்துக்கு அனுமதி உண்டா, அரசுப் பேருந்தில்தான் போக வேண்டுமா என்பதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு அறிவிக்கப்படுவதால், உங்கள் பயண நாளை அந்த அறிவிப்பு வந்தபின் முடிவு செய்யுங்கள். குழந்தை உள்ள குடும்பத்துக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான்: அவசரமாக இறங்க வேண்டுமானால் எந்த வண்டியில் இறங்குவது என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

புலியையும் சிறுத்தையையும் நினைத்து உங்கள் அம்மா அஞ்சுவது இயல்பு. ஆனால் ஆயிரக்கணக்கான மக்கள் விளக்கும் மேளமுமாக இருக்கும் அந்த நாட்களில் குழந்தைக்கு வரும் கெடுதல் அந்த வழியாக வருவதில்லை. ஈரம், புகை, தண்ணீர் என்ற மூன்று வழிகளில்தான் வருகிறது.

முதலில் ஈரம். ஆடியில் மேற்கு மலையில் சாரல் விடாது. குற்றாலத்தில் சீசன் நடக்கும் அதே காற்றும் மழையும்தான் காரையாரிலும். பகலில் காய்ந்து கிடப்பதுபோல் தெரியும் மணல், இரவு இரண்டு மூன்று மணிக்கு மேல் ஈரத்தை மேலே விடும். பாயை நேரே மணலில் விரித்துப் படுப்பவர்கள் விடியற்காலையில் முதுகு சில்லிட்டு எழுவார்கள். பெரியவர் எழுந்து உட்கார்ந்துகொள்வார், குழந்தை என்ன செய்யும்? ஆகவே குடிலுக்குச் சற்று மேடான இடமாகப் பாருங்கள். ஆற்றை ஒட்டிய இடம் பார்க்க அழகாக இருக்கும், குழந்தைக்கு ஆகாது. குடிலைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, மழைத்தண்ணீர் சரிவுப் பக்கம் ஓடும்படி விடச் சொல்லுங்கள். தரையில் கல், வேர், முள் எல்லாவற்றையும் கையால் தடவிப் பார்த்து அகற்றியபின் தடித்த தார்ப்பாய், அதன்மேல் கோரைப்பாய், அதன்மேல் இரண்டாக மடித்த ஜமுக்காளம் என்று விரியுங்கள். பஞ்சு மெத்தையும் தலையணையும் வேண்டாம். கெட்டியான, சமமான படுக்கையில் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பதே மூச்சுக்குப் பாதுகாப்பு. வீட்டில் எப்படியோ, காட்டிலும் அப்படித்தான்.

குளிருமே என்று கம்பளியைப் போட்டு மூடிவிடுவது நம் ஊரில் வழக்கம். முகத்தின் மேல் ஏறக்கூடிய தளர்ந்த போர்வையைவிட, உடம்போடு ஒட்டிய பருத்திச் சட்டை இரண்டு, அதன்மேல் முழுக்கை உடை, காலுறை என்று அடுக்காகப் போடுவது மேல். குழந்தையின் கையும் காலும் சில்லென்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அவை எப்போதும் அப்படித்தான் இருக்கும். சட்டைக் கழுத்துக்குள் இரண்டு விரலை விட்டுப் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாகக் காய்ந்திருந்தால் சரி. வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். சில்லிட்டிருந்தால் உங்கள் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். இரவில் பால் கொடுக்க எழும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்தால் போதும்.

சேலைத் தொட்டில் கட்டுவீர்கள் என்று தெரியும். கட்டாத குடில் கிடையாது. மூன்று நாளைக்காக மணலில் ஊன்றிய கம்பு வீட்டு உத்தரம் ஆகாது என்பதால், பெரியவர் ஒருவர் அந்தக் குறுக்குக் கம்பைப் பிடித்துத் தொங்கிப் பார்த்த பிறகே கட்டுங்கள். தொட்டிலின் அடி பாயிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயராமல் இருக்கட்டும். உள்ளே அகலக் கம்பு வைத்து, துணி குழந்தையின் முகத்தை மூடாதபடி விரித்து வையுங்கள். எட்டு மாதக் குழந்தை தொட்டிலின் ஓரத்தைப் பிடித்து எழுந்துவிடும். ஆகவே பகலில், ஒருவர் கண்பார்வையில் மட்டுமே தொட்டில். இரவுக்குப் பாய்தான்.

பாயின் மேல் கொசுவலை கட்டாயம். சின்னக் குடைவலை பகல் தூக்கத்துக்கு ஆகும். இரவில் தாயும் குழந்தையும் சேர்ந்து படுக்கும் அளவுக்குப் பெரிய வலையைக் கட்டி, நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். கொசுவுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தரையில் படுத்திருப்பவர்களை இரவில் தீண்டும் கட்டுவிரியனின் கடி பல நேரம் வலிக்கவே வலிக்காது. செருகிய வலை அதற்கும் தேளுக்கும் பூரானுக்கும் ஒரு தடை. மாலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை படுக்கையை உதறிப் பாருங்கள். கடித்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே கயிறு கட்டுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே இறங்க வேண்டும்.

வலைக்குள் குழந்தைக்கு ஒரு பக்கம் நீங்கள் படுத்தால், மறுபக்கம் யாரும் வேண்டாம். ஒரே குடிலில் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கிப் படுப்பது திருவிழாவின் சந்தோஷம்தான். ஆனால் குடித்துவிட்டு வந்தவர் படுக்கும் குடிலில் குழந்தை படுக்கக் கூடாது. இதைப் பேசச் சங்கடமாக இருக்கும். உங்கள் கணவர் முன்கூட்டியே தன் அண்ணன் தம்பிகளிடம் சொல்லிவிட வேண்டிய விஷயம் இது.

அடுத்தது புகை. கொசுவர்த்திச் சுருள் ஒன்று முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. தார்ப்பாய் மூடிய குடிலுக்குள் அதை ஏற்றிவைத்தால் முதலில் திணறுவது குழந்தையின் நுரையீரல்தான். குளிப்பாட்டியவுடன் சாம்பிராணி காட்டும் பழக்கத்தையும் அங்கே விட்டுவிடுங்கள். கங்கு உள்ள சட்டியையோ, அடுப்புக் கரியையோ, கேஸ் அடுப்பையோ குளிருக்காகக் குடிலுக்குள் கொண்டுவருவது எல்லாவற்றிலும் ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். சமையல் அடுப்பைக் காற்று போகும் திசையில், குடிலிலிருந்து பத்தடியாவது தள்ளி வைக்கச் சொல்லுங்கள். காற்று திசை மாறலாம். மாறினால் குழந்தையின் இடமும் மாற வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மனம் இல்லை. தாமிரபரணித் தண்ணீர் அமிர்தம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அத்தனை பேர் குளித்துத் துவைத்து, கரையோரம் மலம் கழிக்கும் நாட்களில் அந்தத் தண்ணீரைக் குழந்தையின் வாயில் விடக் கூடாது. தாய்ப்பால்தான் அங்கே உங்களிடம் இருக்கும் மிகச் சுத்தமான ஆகாரம். வழக்கத்தைவிட அதிகமுறை கொடுங்கள். பால்புட்டி கொண்டுபோகாதீர்கள், அதைக் காட்டில் சுத்தமாகக் கழுவி எடுக்கவே முடியாது. எவர்சில்வர் கிண்ணம், சிறு கரண்டி, சங்கு அல்லது பாலாடைக் கிண்ணம் போதும். அவற்றை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் போட்டு எடுங்கள். குடிக்கும் தண்ணீரை ஊரிலிருந்தே எவர்சில்வர் குடத்தில் கொண்டுபோவது நல்லது, பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆற்றுத்தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் பழைய வேட்டியை நான்காக மடித்து வடிகட்டி, நன்றாகத் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு குறைந்தது ஒரு நிமிடம் விட்டு இறக்கி, அதே பாத்திரத்தில் மூடி ஆறவையுங்கள். ஆறிய தண்ணீருக்குள் கையையோ டம்ளரையோ விடக் கூடாது. சரித்து ஊற்ற வேண்டும்.

இணை உணவுக்கு வீட்டில் வறுத்துத் திரித்த மாவைக் கொண்டுபோய் வேளைக்கு வேளை கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள். மீந்ததை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள். உரிக்கும் வரை கைபடாத வாழைப்பழத்தைவிட வசதியான உணவு காட்டுக்கு வேறு இல்லை. ஆனால் தார் தொங்கும் குடிலுக்குக் குரங்கு வராமல் இருக்காது. குரங்கு கீறினாலோ கடித்தாலோ காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசிக்காக அன்றே இறங்க வேண்டும்.

சொந்தக்காரர்கள் அன்போடு வாயில் வைக்கும் பண்டங்கள்தான் எனக்கு அதிகம் பயம். வேர்க்கடலை, பொரிகடலை, முறுக்கு, தேங்காய்ச் சில்லு எல்லாம் மூச்சுக்குழலில் சிக்கக்கூடியவை. சிக்கிக் குழந்தை அழவும் முடியாமல் திணறினால் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டாம். முன்கையில் தலை தாழ்ந்திருக்கும்படி குப்புறப் பிடித்து, இரு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அமுக்கு. வரும்வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். போவதற்கு முன் நீங்களும் உங்கள் கணவரும் ஒரு பொம்மையை வைத்துச் செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மலையின் தேனைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே வாழும் காணிப் பழங்குடி மக்கள் எடுத்துத் தரும் தேன் அருமையானது. வாங்குங்கள், வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் மட்டும் ஒரு சொட்டுகூடத் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிர் வித்து, பெரியவர் வயிற்றில் ஒன்றும் செய்யாது, சிசுவின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும். சுத்தமான தேன், காய்ச்சிய தேன் என்ற வேறுபாடு இதற்குக் கிடையாது. அதேபோல் பூஜைக் கூடையில் கற்பூரமும் கற்கண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தவழும் குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு சிறு கட்டிக் கற்பூரம் உள்ளே போனாலும் வலிப்பு வரலாம். சளிக்குக் கற்பூரத் தேங்காயெண்ணெய் சூடாக்கி நெஞ்சில் தேய்ப்பதையும் இந்த வயதில் செய்யக் கூடாது. ஆச்சிமார் மனம் நோகாமல், நர்ஸம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று என்மேல் பழி போட்டுச் சொல்லுங்கள்.

முடி இறக்குவதைக் காலை பத்து, பதினொரு மணிக்கு, வெயில் தலைகாட்டும்போது வைத்துக்கொள்ளுங்கள். பிளேடு உங்கள் கண்ணெதிரே பிரித்த புதியதாக இருக்கட்டும். இறக்கியபின் ஆற்றில் முக்கி எடுக்க வேண்டாம். பாத்திரத்தில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்று கலந்து, முழங்கையால் சூடு பார்த்துக் கரையில் உட்கார்ந்து குளிப்பாட்டுங்கள். மேலே அணை இருக்கிறது. மலையில் மழை பெய்தாலும், அணையில் தண்ணீர் திறந்தாலும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் தண்ணீர் ஏறிவிடும். பாசி படிந்த பாறையில் குழந்தையோடு கால் வைக்கவே கூடாது. சாமிக்குக் காட்டும் வரை சந்தனம் கொஞ்சம் தடவுங்கள்; பிறகு துடைத்துவிட்டுப் பருத்தித் தொப்பி போடுங்கள். சிசுவின் உடம்புச் சூட்டில் பெரும் பங்கு மொட்டைத் தலை வழியாகவே வெளியேறும்.

துணி மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். சாரலில் எதுவும் காயாது; ஈரத்துணியால் தொடை இடுக்கு வெந்துவிடும். நாளொன்றுக்கு எட்டுப் பேம்பர்ஸ் என்று கணக்கு வையுங்கள், மாற்றும்போது தேங்காயெண்ணெய் தடவுங்கள். பயன்படுத்தியதை ஆற்றிலோ மணலில் புதைத்தோ விடாமல், மூடியுள்ள பழைய தூக்குவாளியிலோ கெட்டிப் பையிலோ போட்டு ஊருக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். அந்த ஆற்றில் மிதக்கும் பழந்துணியே போதும். அதற்குமேல் நம் பிள்ளையின் கழிவும் சேர வேண்டாம்.

மருந்துப் பை சிறியதாக இருக்கலாம், ஆனால் எழுதி வைத்ததாக இருக்க வேண்டும். பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. எட்டுக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120. ஆனால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் ஐந்து மில்லியில்தான் 125 அல்லது 250 இருக்கும். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் இது மாறிப்போனால் ஆபத்து. ஒரே ஒரு வகையைக் கொண்டுபோய், உங்கள் குழந்தைக்கு எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் கேட்டுப் பாட்டிலின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் நான்கு, துத்தநாக மருந்து, வெப்பமானி, இவ்வளவு போதும். பேதியானால் ஒவ்வொரு முறைக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி ஓஆர்எஸ் கரண்டியால் கொடுத்துக்கொண்டே இறங்க ஏற்பாடு செய்யுங்கள்.

பால் குடிக்க மறுப்பது, எல்லாவற்றையும் வாந்தியெடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, உச்சிக்குழி உள்வாங்கியிருப்பது, நிமிடத்துக்கு ஐம்பதோ அதற்கு மேலோ மூச்சு வாங்குவது, விலா உள்ளே இழுப்பது — இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. செல்போன் சிக்னலை அங்கே நம்ப முடியாது. போய் இறங்கியவுடன் சுகாதாரத் துறை முகாமும் ஆம்புலன்ஸும் எங்கே நிற்கின்றன என்று நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரும் வேலையை உங்கள் கணவரிடம் கொடுங்கள். அங்கிருந்து அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்கும், தேவைப்பட்டால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அனுப்புவார்கள்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்ல வேண்டும். குடிலில் மருமகளை நாற்பது பேர் சமையலுக்கு அடுப்படியில் நிறுத்திவிட்டு, குழந்தையை மடி மாற்றி மடி கொடுத்துக்கொண்டிருந்தால் மேலே சொன்னது எதுவும் நடக்காது. அந்த ஒரு நாள் உங்களுக்கு வேலை குழந்தை மட்டுமே. பால் கொடுக்க ஒரு மூலையில் சேலை மறைப்பு, குடிக்க நிறையத் தண்ணீர், பகலில் ஒரு மணி நேரத் தூக்கம், இவை உங்களுக்கு வேண்டும். குழந்தையைக் கைமாற்றுகிறவர் "நீ பார்த்துக்கொள்" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்கட்டும். பெருங்குடும்பத்தில் எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கும் நேரத்தில்தான் குழந்தையை யாரும் பார்ப்பதில்லை.

ஊர் திரும்பியதும் வெந்நீரில் குளிப்பாட்டி, காதுக்குப் பின்புறம், கக்கம், தொடை இடுக்கு, விரைப்பையின் அடி வரை பாருங்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும் நுண்ணிய உண்ணிப்பூச்சி கடித்தால் ஆறு முதல் 21 நாட்களுக்குள் உண்ணிக் காய்ச்சல் வரலாம்; கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காததால் கவனத்துக்கு வராது. சாதாரணச் சளிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்துக்கு இது கேட்காது. அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளைக் காலத்தில் தொடங்கினால் நன்றாகக் குணமாகும். ஆகவே அந்த மூன்று வாரத்துக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், காரையாரில் தங்கிவிட்டு வந்தோம் என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.